சுண்டிக்குளத்துச் செலவு

கிழக்காபிரிக்கக் கரையோரங்களிற் பேசப்படும் சுவாகிலி மொழியிலே 'சபாரி' என்ற சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அராபிய மொழியிலிருந்து வணிகரோடு கடல் கடந்து வந்த அச்சொல், பின்னர் ஆங்கிலேயர் வாயிற் புகுந்து வேட்டைப் பயணத்தைக் குறித்தது. துப்பாக்கி குறைந்து ஒளிப்படக் கருவி பெருகிய காலத்திற் காட்டுவிலங்குகளைக் காணச் செல்லும் பயணத்தைக் குறிப்பதாயிற்று. தமிழிலும் இதற்கு ஈடான பழஞ்சொல் ஒன்று உண்டு. அது 'செலவு'. சங்க அகப்பாடல்களிலே தலைவன் பொருள் தேடிப் பிரிந்து போவது செலவு எனப்பட்டது. போகத் துணிந்தவன் தலைவியின் துயர் கண்டு தயங்கி நிற்பது செலவழுங்குதல் எனப்பட்டது. இன்று பேச்சு வழக்கில் அச்சொல் கைப்பொருள் கரைவதையே குறிக்கின்றது. போவதற்கும் பொருள் போவதற்கும் ஒரே சொல்லை வழங்குவோர், பயணம் ஒன்றைத் திட்டமிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டியவராகின்றனர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் இறுதியாண்டிற் பயிலும் மாணவன் ஒருவன் இத்தகைய செலவொன்றைத் திட்டமிடத் தொடங்கினான். இலண்டனில் வாழும் அவனுடைய சித்தப்பா, குடும்பத்துடன் தன்சானியாவுக்குச் சென்று செரெங்கெட்டித் தேசிய பூங்காவைக் கண்டு வந்திருந்தார். மரநிழலிற் சிங்கங்கள் படுத்திருக்கும் படங்களை அனுப்பியதோடு அமையாது, தமையன் மகன் இறுதிப் பரீட்சையை முடித்ததும் அடுத்த முறை அவனையும் அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். "ஒழுங்கெல்லாம் நீ பார் தம்பி, காசை நான் பாக்கிறன்" என்பது அவருடைய சொல். அன்று மாலையே அவன் புதிய கொப்பி ஒன்றை வாங்கி, முதற் பக்கத்தின் தலைப்பிலே 'செரெங்கெட்டி' என்று எழுதினான்.

அக்கொப்பி விரைவில் நிரம்பிற்று. 1951 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்நிலம் 14,763 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கைத் தீவின் ஐந்தில் ஒரு பங்கினும் பெரியது. மாட்டின் தலையும் மானின் காலும் பொருத்தியது போலத் தோற்றும் 'வில்டபீஸ்ட்' என்னும் விலங்குகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை, வரிக்குதிரைகளோடு கூடி, மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுவதும் அங்கு வட்டமிட்டு நடக்கின்றன. மார்கழி முதற் பங்குனி வரை தெற்கிலுள்ள குறும்புல் வெளிகளில் அவை தங்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அம்மண்ணின் புல்லில் ஊட்டம் மிகுதி என்பதால், கன்று ஈனுவதும் அங்கேயே. பின்னர் புல் காய, மேற்கும் வடக்குமாக நகர்ந்து, ஆடி முதல் ஐப்பசி வரையான காலத்தில் முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கும். ஆகவே எந்த மாதத்திற் போவது என்ற வினாவுக்கு விடை, எந்தக் காட்சியைக் காண விரும்புகின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது. இதனை அவன் தெளிவாகக் குறித்து வைத்தான்.

செலவின் மற்றைப் பொருளும் அக்கொப்பியில் இடம்பெற்றது. விமானக் கட்டணம், நுழைவிசைவு, மலேரியாத் தடுப்பு மருந்து, வழிகாட்டியுடன் கூடிய வாகனம், கூடாரத் தங்குமிடம், வெளிநாட்டவர் நாள்தோறும் டொலரிற் செலுத்தும் பூங்காக் கட்டணம் என்று நிரல் நீண்டது. நான்கு ஆண்டுகளிலும் அவன் பெற்ற மகாபொலப் புலமைப்பரிசில் முழுவதையும் சேர்த்தாலும் அந்நிரலின் பாதியை எட்டாது. சித்தப்பாவின் அன்பைத் தொகையாக எழுதிப் பார்த்தபோது அவனுக்குச் சிறிது கூச்சம் உண்டாயிற்று. ஆயினும் திட்டம் நின்றுவிடவில்லை.

நூலகத்திலே அக்கொப்பியைப் புரட்டிப் பார்த்த சகமாணவி ஒருத்தி, வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவள். அவள் எல்லாவற்றையும் வாசித்த பின், "ஆபிரிக்காவில எந்த மாசம் எந்த ஆத்தை மாடு கடக்குது எண்டு உங்களுக்குத் தெரியுது. சுண்டிக்குளத்துக்குப் பூநாரை எந்த மாசம் வருது எண்டு தெரியுமோ?" என்று கேட்டாள். அவள் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பியவள் போலக் கேட்டாள். அங்கிருந்த நால்வரில் எவருக்கும் விடை தெரியவில்லை. அவர்களுள் இருவர் கண்டி வீதியால் ஆனையிறவை நூறு முறையேனும் கடந்தவர்கள். கிழக்கே திரும்பிச் சுண்டிக்குளத்துக்குச் சென்றவர் ஒருவரும் இலர்.

இவ்வாறு அக்கொப்பியின் நடுப்பக்கத்திலே இரண்டாவது தலைப்பொன்று எழுதப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியின் தென்கிழக்கே, கடலுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் சுண்டிக்குளம் கடனீரேரி விரிந்து கிடக்கின்றது. வன்னிக் காடுகளில் ஊறி இரணைமடுக் குளத்தை நிரப்பும் கனகராயன் ஆறு, எஞ்சிய நீரை இறுதியிற் கொண்டு சேர்ப்பது இக்கடனீரேரியிலேயே. நேத்தலியாறு முதலான சிற்றாறுகளும் இதனை நாடுகின்றன. கரைகளிற் கண்டலும் பற்றைக்காடும் பனங்கூடலும் மாறிமாறி அமைந்துள்ளன. 1938 ஆம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வில்பத்தும் யாலையும் தேசிய பூங்காக்களானதும் அதே ஆண்டிலாகும். போர் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின், 2015 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், 19,565 ஹெக்டேயர் பரப்புடைய தேசிய பூங்காவாக இது உயர்த்தப்பட்டது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் மடுவீதிக் காடும் ஆதாம் பாலமும் அதே காலத்திலே அத்தகுதியைப் பெற்றன. குடாநாட்டு மாணவர் ஒருவர் தேசிய பூங்காவொன்றைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. காலை உணவைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால் இரண்டு மணிநேரத்திற் சென்று சேரலாம்.

செரெங்கெட்டியை ஆள்வது மழை என்றால், சுண்டிக்குளத்தை ஆள்வதும் மழையே. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையால் ஆறுகள் பெருகும்; கடனீரேரியின் உவர்ப்புத் தணியும்; மீனும் இறாலும் நுண்ணுயிரும் பெருகும். அக்காலத்திலேயே ஆசியாவின் வடபகுதிகளிற் குளிர் முற்றுவதால், ஊசிவால் வாத்துகளும் உள்ளான் இனங்களும் ஆலாக்களும் இந்தியாவைக் கடந்து தெற்கே வருகின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், மஞ்சள்மூக்கு நாரை, பவளக்காலி ஆகியனவும் ஆழங்குறைந்த நீரிற் கூடுகின்றன. பூநாரை இவற்றுள் தனிச்சிறப்புடையது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சல்லடை போன்ற அலகாற் சேற்றுநீரை அரித்து உண்ணும் அப்பறவையின் செந்நிறம், அது உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறப்பொருளால் உண்டாவது. கென்யாவின் ஏரிகளிற் பெருங்கூட்டமாகக் காணப்படுவது சிறு பூநாரை. இங்கு வருவதோ பெரும் பூநாரை. வானியலும் நிலவியலும் வேறானாலும், மழையைத் தொடர்ந்து உயிர்கள் நகரும் நியதி இரு நிலங்களுக்கும் பொதுவாகும்.

இக்கடனீரேரியின் மேற்கு எல்லையில் அமைந்த ஆனையிறவு, அவ்விடத்தின் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. பழந்தமிழில் இறத்தல் என்பதற்குக் கடத்தல் என்ற பொருளும் உண்டு. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள், போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும், இந்த ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்கு நடத்தி வரப்பட்டன. வன்னியர் தலைவர்கள் யானைகளையே திறையாகச் செலுத்தியதும் உண்டு. அவை ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு விற்பனையாயின. ஆகவே, இங்குக் காட்டுவிலங்கைப் பொருளாகக் கணக்கிட்ட வழக்கம் புதியதன்று. முன்னர் விலங்கை ஏற்றுமதி செய்து பொருள் ஈட்டினர். இன்று விலங்கைக் காண வருவோரை இறக்குமதி செய்து பொருள் ஈட்ட எண்ணுகின்றனர். பின்னையது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டிலும் அவ்விடத்து மக்களின் பங்கு யாது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

சுண்டிக்குளம் பற்றிய செய்தியை மாணவன் தொலைபேசியிற் சொன்னபோது, சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஆனையிறவுப் பக்கமோ? அங்க பாக்கிறதுக்கு என்னடா இருக்கு?" என்றார். அவர் நாட்டைவிட்டுப் போனது 1992 ஆம் ஆண்டு. அந்நாளில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. குடாநாட்டிலிருந்து வெளியேற விரும்பியோர் கிளாலிக் கரையிற் காத்திருந்து, இரவிற் படகேறி, கடனீரேரியைக் கடந்தே வன்னிக்குச் சென்றனர். அப்பயணத்திற் பலர் உயிரிழந்தனர். சித்தப்பாவின் நினைவிலுள்ள பரவைக்கடலுக்கு நிறமில்லை, பறவையும் இல்லை. படகின் அடித்தட்டிற் குனிந்திருந்ததும், எவரோ ஒருவரின் குழந்தை அழாதிருக்கத் தாய் அதன் வாயைப் பொத்தியிருந்ததும் மாத்திரமே உண்டு. செரெங்கெட்டியில் மாரா ஆற்றைக் கடக்கும் விலங்குகளைக் கண்டபோது, மற்றையோர் ஆரவாரித்தனர் என்றும், தாம் வாகனத்தின் மறுபக்கம் திரும்பி இருந்துவிட்டதாகவும் அன்றுதான் அவர் முதன்முறையாகச் சொன்னார்.

அவ்வுரையாடலின் பின் திட்டத்தின் தன்மை மாறிற்று. ஓரிடத்தோடு மனிதன் கொள்ளும் உறவு பலவகைப்படும். சித்தப்பாவின் தலைமுறைக்கு அந்நீர்ப்பரப்பு கடந்து தப்ப வேண்டிய இடமாயிருந்தது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் பெரும் போர்கள் நிகழ்ந்த ஆனையிறவு, செய்திகளிலே வெற்றி தோல்வியின் பெயராயிற்றேயன்றி, நீரும் மணலும் பறவையும் உள்ள நிலமாக அறியப்படவில்லை. இன்றைய மாணவர்க்கோ அது பேருந்தின் சாளரத்தால் ஒரு கணம் தோன்றி மறையும் வெளி. அச்சமின்றி அங்கு நின்று, கண்ணால் முழுமையாகக் காணுதல் என்பது இம்மண்ணில் ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்த ஒன்றாகும். தன் நாட்டைத் தான் பார்த்தல் என்ற எளிய செயலுக்கு இவ்வளவு பெறுமதி உண்டு என்பதை, ஆபிரிக்கக் கணக்கு எழுதிய கொப்பியே அவர்களுக்கு உணர்த்திற்று.

அடுத்து, கரையோரத்துச் சகமாணவி தன் தந்தையாரோடு அவர்களைப் பேசவைத்தாள். அவர் கடற்றொழிலாளி, கடலிற் கரைவலையும் மாரியிற் கடனீரேரியில் வீச்சுவலையும் அவருக்குத் தொழில். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீட்டையும் வள்ளத்தையும் இழந்தவர். பின்னர் போரால் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீண்டும் அதே மணலில் வாடி அமைத்தவர். மாணவர்கள் தயாரித்திருந்த வினாக்களுக்கு அவர் ஒவ்வொன்றாக விடை கூறினார்.

"தம்பியவை, மார்கழியில வராதேங்கோ. வெள்ளம் நிக்கும், வாகனம் புதையும். தை பிறந்து வாடைக்காத்துக் கொஞ்சம் அடங்கட்டும். தண்ணி வத்தத் தொடங்கினால் சேறு வெளிக்கும், அப்பத்தான் பறவை கூடும். மாசியும் நல்லது. பங்குனி பிந்தினால் எல்லாம் திரும்பிப் போயிடும். சோளகம் எழும்பிற காலத்தில வந்தால் உப்புத்தான் பாக்கலாம்."

பறவைகள் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டதற்கு, "இறால் எங்க நிக்குதோ அங்க" என்றார். வேறு எச்சரிக்கை உண்டோ என்று கேட்டபோது அவர் குரல் மாறிற்று. "ஆள் நடமாட்டம் இல்லாத பத்தைக்குள்ள இறங்காதேங்கோ, பிள்ளையள். நடக்கிற பாதையால மட்டும் நடவுங்கோ" என்றார். விளக்கம் தேவைப்படவில்லை. முகமாலையிலும் அயலிலும் போர் முடிந்து பல்லாண்டுகள் கண்ணிவெடி அகற்றப்பட்டதை அறியாதோர் குடாநாட்டில் இல்லை.

தமிழிலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. முன்பு சென்று பயன் பெற்ற ஒருவன், எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி கூறுவது அதன் அமைப்பு. மலைபடுகடாத்திலே வழியின் இனிமை மாத்திரமன்றி, வழியில் நேரக்கூடிய ஏதங்களும் விரிவாகக் கூறப்படுகின்றன. எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தல் ஆகாது என்று ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்லுதல் அன்பின் வடிவம் என்பதை வகுப்பறையிற் படித்தவர்கள், அன்று தொலைபேசியிலே அதனைக் கேட்டனர்.

இவ்வாறு திட்டம் உருப்பெற்றது. காலம், தை மாதத்தின் பிற்பகுதி. புறப்படும் நேரம், அதிகாலை 4.00 மணி. திருநெல்வேலியிலிருந்து கண்டி வீதியாற் கொடிகாமம், பளை ஆகியவற்றைக் கடந்து, இயக்கச்சியிற் கிழக்கே திரும்பிக் கட்டைக்காட்டு வழியாகச் செல்லுதல். திரும்பும்போது கரையோர வழியால் வெற்றிலைக்கேணி, ஆழியவளை, மருதங்கேணி ஊர்களைக் கண்டு, புதுக்காட்டுச் சந்தியில் மீண்டும் கண்டி வீதியைச் சேருதல். கடலுக்கும் கடனீரேரிக்கும் இடையிலுள்ள மணற்றிடலில் நின்றால், காலையிற் சூரியன் முதுகுப் பக்கத்திலும் பறவைகள் முகப் பக்கத்திலும் அமையும். ஒளி கண்ணிற் கூசாது. பறவைகளின் நிறமும் துலங்கும். ஆகவே 6.30 மணிக்கு முன் அங்கு நிற்றல் வேண்டும். 10.00 மணிக்குப் பின் வெயில் ஏறிக் கானல் எழும். தொலைநோக்குக் கண்ணாடியும் பயன்தராது. மணல் நிலமாதலாற் குடிநீரைக் கொண்டு செல்லல், மங்கலான நிற உடை அணிதல், ஒலிபெருக்கியும் பாட்டும் தவிர்த்தல், குப்பையை மீண்டும் கொண்டு வருதல் ஆகியனவும் எழுதப்பட்டன. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெறும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பறவைகளை அண்மித்துப் படம் எடுக்கலாகாது என்ற விதி குறித்துச் சிறு வாதம் எழுந்தது. ஒருமுறை பறந்தாற் பறவைக்கு என்ன குறைந்துவிடும் என்றான் ஒருவன். புவியியல் பயிலும் மற்றொருவன் அதற்கு விடை கூறினான். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் திரும்பிப் பறக்க வேண்டிய பறவை, இங்கு உண்டு சேர்க்கும் கொழுப்பையே வழிச்செலவாகக் கொண்டு போகின்றது. அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பில் ஒரு பங்கு அழிகின்றது. உண்ணும் நேரமும் குறைகின்றது. செலவு என்ற சொல்லின் இரு பொருளும் பறவைக்கும் பொருந்தும் என்பதைக் கேட்டு மற்றவன் அமைதியானான்.

அதனினும் பெரிய வாதமொன்றைத் தொடக்கி வைத்தவள் கரையோரத்து மாணவியே. "நீங்கள் பூங்கா எண்டு சொல்லுற இடத்திலதான் எங்கட ஆக்கள் வலை வீசினவை. உங்களுக்கு அது பறவை பாக்கிற இடம். அப்பாவுக்கு அது உலை வைக்கிற இடம்" என்றாள். இவ்வேற்றுமை உணர்ச்சி சார்ந்ததன்று, சட்டம் சார்ந்தது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, சரணாலயம் என்ற வகுப்பினுள் தனியார் நிலமும் அடங்கலாம். அங்கு மக்கள் வாழ்க்கையும் தொடரலாம். தேசிய பூங்காவோ அரச நிலம். அனுமதி பெற்று உட்சென்று, உயிரினங்களைக் கண்டும் கற்றும் திரும்புவதற்கே அது உரியது. 1938 இலிருந்து சரணாலயமாயிருந்த இடம் 2015 இல் தேசிய பூங்காவானபோது, வரைபடத்தில் ஒரு கோடும் ஒரு சொல்லும் மாறின. இடம்பெயர்ந்து மீண்ட மக்களுக்கு, அக்கோடு எங்கே செல்கின்றது என்பது வாழ்வின் வினாவாகும்.

மாணவன் தன் கொப்பியின் முதற் பகுதியைப் புரட்டினான். செரெங்கெட்டியின் வரலாற்றிலும் இவ்வினா இருந்தது; அதனை அவன் விலங்குகளின் பட்டியலுக்கிடையிற் கவனியாது குறித்திருந்தான். மாசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த வெளியே பூங்காவாயிற்று. 1959 ஆம் ஆண்டு அவர்கள் செரெங்கெட்டியிலிருந்து அகற்றப்பட்டு, அயலிலுள்ள கோரொங்கோரோ நிலப்பகுதியில் வாழ இசைவளிக்கப்பட்டனர். அங்கு மனிதரும் மந்தையும் காட்டுவிலங்கும் கூடி வாழலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. 2022 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நிலத்திலிருந்தும் அவர்களை வேறிடத்துக்கு நகர்த்தும் முயற்சி நடைபெற்று, உலகெங்கும் வாதத்துக்குள்ளானது. 'செரெங்கெட்டி' என்ற பெயரே முடிவின்றி விரியும் வெளி எனப் பொருள்படும் மாசாய்ச் சொல்லிலிருந்து வந்ததென்பர். பெயர் தந்தவர்கள் வெளியேறினர். பெயர் மாத்திரம் பலகையில் நிலைத்தது.

ஆயின் இவ்வாதத்தை ஒரு பக்கச் சார்பாக முடித்துவிடல் எளிதன்று. காவல் இல்லாதிருந்தாற் கண்டல் வெட்டப்படும், மணல் அள்ளப்படும், பறவை பிடிக்கப்படும். வெளியூரிலிருந்து வந்து தடைசெய்யப்பட்ட முறைகளில் மீன்பிடிப்போரால் முதலிற் பாதிக்கப்படுவோரும் அவ்வூர்த் தொழிலாளரே. இதனை அம்மாணவியும் மறுக்கவில்லை. மறுபுறம், காண்போர் பெருகுவதும் கேடாகலாம். யாலையிலே சிறுத்தை ஒன்று தென்பட்ட செய்தி பரவியதும் வாகனங்கள் நெருங்கி முண்டியடிப்பது பலரும் அறிந்த காட்சி. காப்பதும் காண்பதும் பிழைப்பதும் ஒன்றையொன்று விழுங்காதிருக்க வேண்டுமாயின், அந்நீரை நாள்தோறும் அறிந்தவர்களின் சொல் அதன் ஆட்சியில் இடம்பெறுதல் வேண்டும். பூநாரை எப்போது வரும் என்பதைப் பல்கலைக்கழகத்து ஐவரும் அறிந்துகொண்டது ஒரு கடற்றொழிலாளியின் வாயாலேயே.

இதனால் திட்டத்திற் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. நகரிலிருந்து உணவுப் பொதி கொண்டு செல்வது கைவிடப்பட்டு, மதிய உணவைக் கிராமத்து வீடொன்றிற் பணம் கொடுத்துச் சமைப்பிப்பதென்று முடிவாயிற்று. வழிகாட்டியாக மாணவியின் தந்தையாரை அழைப்பதென்றும், ஒரு நாள் தொழிலை இழப்பதற்கு ஈடாக அவருக்குரிய கூலியை மனங்கோணாத வகையிற் கொடுப்பதென்றும் தீர்மானித்தனர். பறவை எண்ணும் ஏட்டில் இரண்டு பத்திகள் வரையப்பட்டன: ஒன்றில் நூற்பெயர், மற்றதில் ஊரவர் வழங்கும் பெயர். பூங்காவின் எல்லை எதுவென ஊரவர் அறிந்துள்ளனரா, அதனால் அவர் தொழிலுக்கு நேர்ந்தது யாது என்று கேட்டு எழுதுவதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட்டது. பறவைகளுக்கு மூன்று மணிநேரம், மனிதருக்கு ஒரு மணிநேரம் என்பது நீதியான பங்கீடுதானா என்று மாணவி கேட்டாள். மனிதருக்குரிய நேரம் இரண்டாக்கப்பட்டது.

நெடுந்தீவுக்குச் செல்லலாம் என்ற மாற்று யோசனையும் முன்வைக்கப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தரால் வளர்க்கப்பட்டு, இன்று கட்டற்றுத் திரியும் குதிரைகள் அங்குள்ளன. ஆபிரிக்கச் சமவெளிகளுக்குரிய பெருக்கமரம் ஒன்றும் அங்கே நிற்கின்றது. அராபிய வணிகர் கொண்டுவந்த வித்திலிருந்து முளைத்ததென்பர். செரெங்கெட்டியைப் பற்றிக் கனவு காண்போர் அதன் மரத்தையேனும் குறிகட்டுவானிற் படகேறிக் காணலாம் என்று ஒருவன் நகைத்தான். கோடையில் நீரின்றிக் குதிரைகள் படும் துன்பத்தைக் கருதி, அப்பயணம் ஆராய்ச்சி நோக்கோடு வைகாசிக்குப் பின் தனியே செய்யப்படல் வேண்டும் என்று கொப்பியின் ஓரத்திற் குறிக்கப்பட்டது.

சில நாட்களின் பின் சித்தப்பா மீண்டும் அழைத்தார். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகவும், மாணவர்களின் வாகனத்தில் தமக்கும் மகனுக்கும் இடம் இருக்குமோ என்றும் கேட்டார். இலண்டனிற் பிறந்த மகனுக்குச் செரெங்கெட்டியின் சிங்கங்கள் தெரியும். தகப்பன் இருளிற் கடந்த நீர் தெரியாது. பறவை பார்க்கவோ என்று தமையன் மகன் கேட்டான். "அது உங்கட அலுவல். நான் அந்தத் தண்ணியை ஒருக்காப் பகலில பாக்கவேணும்" என்றார் அவர். ஆபிரிக்கப் பயணம் பற்றி அன்று இருவரும் பேசவில்லை. அது கைவிடப்படவும் இல்லை.

திட்டம் இப்போது நான்கு பக்கங்களில் அடங்குகின்றது. வாகனக் கூலி ஒன்பது பேருக்குப் பிரிக்கப்பட்டுள்ளது. அனுமதிக்கான கடிதம் எழுதப்பட்டுவிட்டது. தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றே உள்ளமையால் அதனை முறைவைத்துப் பயன்படுத்தல் வேண்டும். நாள்தோறும் மாலையிலே கரையோரத்து மாணவி தன் தந்தையாரிடம் கடனீரேரியின் நீர்மட்டத்தை விசாரித்து வருகின்றாள். அவர் சொல்லும் விடை கொப்பியில் ஏறுகின்றது. நேற்றைய குறிப்பு இது: நீர் இன்னும் உயரமாக நிற்கின்றது, பூநாரை இரண்டு தொகுதியாக வந்து இறங்கியுள்ளது, இறால் படத் தொடங்கியுள்ளது.